நான்காவது பலகை

பிப்ரவரி 4

மச்சானுக்கு,

உன் விலாசத்தைச் சாணைக்காரரிடமிருந்து பிடுங்கினேன். உன் ரம்ப பிளேடுகளுக்கு அத்தனை வருஷம் சாணை பிடித்தவர், நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் மட்டும் காது கேட்காதவர் போல இருந்தார். கடைசியில், "யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொல்லியிருக்கான்" என்றார். "நான் யாரோவா? அவன் அக்காவைக் கட்டினவன்யா" என்றேன். எழுதிக் கொடுத்துவிட்டார். போன் நம்பரைத்தான் மாற்றிவிட்டாய், தபால்காரருக்காவது கதவைத் திறப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நீ உயிரோடு இருப்பதை இரண்டு வருஷமாக ஒரு சாணைக்காரர் வாயால் தெரிந்துகொள்வது எனக்கு ஒன்றும் பெருமையாக இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையின் பின்சுவரில் அந்தப் பதினோரு பலகைகளும் இன்னும் சாய்ந்து நிற்கின்றன. உன் அக்கா நம்மை விட்டுப் போன அன்று நீ அறுத்துக்கொண்டிருந்த அதே கெட்டி மரம்தான். ஆர்டர் கொடுத்தவர் பாவம் பார்த்து ஒன்றும் சொல்லாமல் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். நான் தார்ப்பாயைப் போட்டு மூடியதோடு சரி. அதற்குப் பிறகு பாலீஷ் அறைக்குப் போகிற வழியில் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவதுகூட இல்லை.

போன வாரம் மகள் விடுமுறைக்கு வந்தாள். மாடியில் நாங்கள் சாப்பிடுவது இன்னும் அந்த ஆடுகிற பிளாஸ்டிக் மேசையில்தான். "தச்சுப் பட்டறைக்கு மேல குடியிருந்துக்கிட்டு பிளாஸ்டிக் மேசை. அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சே போனாங்க. இப்பவாவது செய்யுங்கப்பா" என்றாள். சொன்ன கையோடு கீழே இறங்கிப் போய் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டாள். நானும் அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டேன்.

ஆகவே நான் அறுக்கப் போகிறேன். சிரிப்பது கேட்கிறது. நீ அறுப்பாய், நான் பாலீஷ் போடுவேன், இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது. ரம்பத்தை நான் தூக்கி வைத்திருக்கிறேனே தவிர ஓட்டியதில்லை. உன் டிராக் சா ரம்பமும் அது ஓடுகிற நீளச் சட்டமும் அப்படியே இருக்கின்றன. அந்தச் சட்டத்துக்கு நீ வைத்த பெயரையே நானும் சொல்கிறேன், தண்டவாளம். ஏழு பலகைகளில் நீ ஒரு ஓரத்தை நேராக்கி வைத்திருக்கிறாய். நாலைத் தொடவே இல்லை. தொடாதவற்றில் ஒரு பக்கம் பட்டை ஒட்டியிருக்கிறது, இன்னொரு பக்கம் வளைந்து நெளிந்து போகிறது. மூலைமட்டத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று எழுது.

நீயே வந்து அறுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. வரமாட்டாய் என்று தெரியும். ஏன் என்பதுதான் தெரியவில்லை. நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று இரண்டு வருஷமாக யோசிக்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. அதையும் ஒரு வரி எழுதிவிடு.

அத்தான்


பிப்ரவரி 15

அத்தானுக்கு,

கடிதம் வந்தது. அந்தப் பலகைகள் வேண்டாம். வேறு வாங்குங்கள். ஈரம் சரியாகக் காயாத மரம், மேசைக்கு ஆகாது.

கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். கீழே தெர்மாகோல் தாள் விரித்து அதன் மேல் பலகையைக் கிடத்துங்கள். பிளேடு பலகையைத் தாண்டி ஒரு நெல் அளவுக்கு இறங்கினால் போதும். தண்டவாளத்தின் ஓரத்தில் கறுப்பு ரப்பர் இருக்கிறது. பிளேடு அந்த ரப்பரை ஒட்டியேதான் போகும். ஆகவே கோட்டின் மேல் ரப்பரை வையுங்கள். நல்ல மரம் தண்டவாளத்துக்கு அடியிலும், கழிவு வெளியிலும் இருக்க வேண்டும். முதலில் பட்டைப் பக்கத்தை ஒரே ஓட்டாக எடுத்துவிடுங்கள். அந்த நேர் ஓரத்திலிருந்து அளந்து எதிர் ஓரம். பிறகு மூலைமட்டம் வைத்து இரண்டு முனைத் தலைப்பும். இந்த வரிசை மாறக் கூடாது.

இந்த மரத்துக்குள் இழுவை அதிகம். அறுக்கும்போதே பிளந்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். பின்னால் ஒரு ஆப்பு செருகிக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்தக் கூடாது. ஓட்ட ஆரம்பித்தால் கடைசிவரை தள்ளிவிட வேண்டும். கண்ணாடி போடுங்கள்.

நீங்கள் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. இங்கே படகுப் பட்டறையில் வேலை. நேரம் கிடைப்பதில்லை. மகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.


பிப்ரவரி 27

மச்சானுக்கு,

ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் எழுதுகிறவன்கூட இதைவிடப் பாசமாக எழுதுவான். இருந்தாலும் உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்துத்தான் வேலை பார்த்தேன். முதல் பலகையில் தண்டவாளத்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, நல்ல மரத்தையெல்லாம் சீவித் தள்ளிவிட்டு, பட்டையைப் பத்திரமாக நேராக்கி வைத்தேன். மகள் அதைப் படம் பிடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டாவது தேவலை. மூன்றாவதற்குள் கை படிந்துவிட்டது. அந்த மரத்தைத் தள்ளும்போது வருகிற வாசனை எனக்கு இத்தனை நாள் தின்னர் நாற்றத்தில் தெரியாமலே போயிருக்கிறது.

நீ எல்லாம் எழுதினாய், ஒன்றை விட்டுவிட்டாய். பத்து எண்ணுவதை எழுதவில்லை. உன் அக்கா பட்டறைக்கே போட்ட சட்டம் அது, அதிலும் முக்கியமாக உனக்கு. நான் பாலீஷ் அறையில் காற்றாடிக்குக் கீழே முகமூடியோடு இருப்பேன், இடி விழுந்தாலும் கேட்காது. நீ காதை மூடிக்கொண்டு, ரம்பமும் தூசி உறிஞ்சுகிற மெஷினும் ஓட அறுப்பாய். அவள் மாடியில் தனியாக. "ஒரு பலகை அறுத்ததும் ரெண்டு மெஷினையும் நிறுத்து. காதுல இருக்கறதக் கழட்டு. பத்து எண்ணு. அந்தப் பத்துக்குள்ள நான் கூப்பிட்டா வந்து சேரு. இல்லன்னா உன் ரம்பத்தையே கட்டிக்கிட்டு அழு" என்பாள். நீயும் மரத்தில் ஒரு சுத்தி, கொட்டாப்புளி, கடைந்து கொடுத்தாய். அதை அடுப்புப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டு தரையில் தட்டுவாள். உச்சுக்கொட்டிக்கொண்டே நீ மாடிப்படி ஏறுவது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

நானும் எண்ணினேன். யாரும் இல்லாத வீட்டுக்குக் கீழே நின்றுகொண்டு எதற்கு எண்ணுகிறோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் எண்ணாமல் அடுத்த பலகையைத் தொட மனசு வரவில்லை. மூன்றாவது பலகைக்குப் பிறகு, ஆறோ ஏழோ எண்ணும்போது தட்டும் சத்தம் கேட்டது.

பயந்துவிட்டேன் என்று நினைக்காதே. நேரம் காலை பதினொன்று, வெயில் உள்ளேவரை வந்து கிடந்தது. தெருவில் யாரோ சுவரில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் தலைக்கு மேலே மாடித் தரையின் பலகைச் சந்திலிருந்து தூள் உதிர்ந்து தண்டவாளத்தின் மேல் விழுந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை, கொட்டாப்புளி ஆணியிலேயே இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இதை மகளிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

அத்தான்


மார்ச் 6

அத்தானுக்கு,

அது மரம்தான். இழுவை இருக்கிற மரத்தை அறுத்தால், அறுத்த பிறகும் உள்ளே நரம்பு தளர்ந்துகொண்டே இருக்கும். அடுக்கி வைத்த பலகைகளிலிருந்து டக் டக்கென்று சத்தம் வரும். சாயந்திரம் நேராக வைத்தது காலையில் வில்லாக நிற்கும். இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். மாடித் தரையும் பலகைதானே, வெயிலில் அதுவும் சத்தம் போடும்.

தூள் எத்தனை தடவை உதிர்ந்தது?

பலகைகளை விற்றுவிடுங்கள். பக்கத்து ஊரில் ஜன்னல் செய்கிறவர் கேட்கிற விலைக்கே கொடுத்துவிடுங்கள். மேசைக்கு நான் நல்ல மரமாகப் பார்த்து இங்கிருந்து லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். அறுத்தே தீருவேன் என்றால், நான் அறுத்த ஏழு பலகையையும் விட்டுவிடுங்கள். அவை முறுக்கிப் போயிருக்கும், மேசைக்குச் சேராது.

பத்து எண்ணாதீர்கள், அத்தான். இனி அதற்கு அவசியம் இல்லை. தனியாக நின்று எண்ணிக்கொண்டிருந்தால் யாருக்கானாலும் ஏதாவது கேட்கத்தான் செய்யும்.


மார்ச் 18

மச்சானுக்கு,

எனக்கே காது குத்தப் பார்க்கிறாயா. மரம் சத்தம் போட்டால் கீழே அடுக்கிலிருந்து வரும். இது மேலிருந்து வருகிறது. தூள் மூன்று தடவை உதிர்ந்தது. மூன்று தட்டு, மூன்று தடவை தூள். கழிவுத் துண்டை அறுத்தாலும் எண்ணுகிறேன், போன வாரத்திலிருந்து தினமும் நடக்கிறது, அதுவும் அந்தப் பத்துக்குள்தான். நீ ஏன் அதைக் குறிப்பாகக் கேட்டாய்? சத்தம் போட்டது மரம்தான் என்றால் தூள் எத்தனை என்பது உனக்கு எதற்கு?

இரு. அதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்க வேண்டும்.

நீ வேண்டாம் என்றதாலேயே அந்த ஏழு பலகைகளை எடுத்துப் பார்த்தேன். முறுக்கு ஒன்றும் இல்லை, கோடு போட்ட மாதிரி நிற்கின்றன. தலைப்பில் உன் சாக்பீஸ் எண்கள் அழியாமல் இருக்கின்றன, ஒன்றிலிருந்து ஏழு வரை. ஒவ்வொரு ஓரத்தையும் கையால் தடவிப் பார்த்தேன். என் தொழில் அதுதானே, கண்ணில் படாதது விரலில் படும். ஒன்று, இரண்டு, மூன்று கண்ணாடி மாதிரி. நான்காவதில், நடுவுக்குச் சற்று முன்னால், பிறை வடிவில் கறுப்பாகக் கருகியிருக்கிறது. பிளேடின் வளைவு அப்படியே பதிந்திருக்கிறது.

நானும் நாலு பலகை அறுத்துவிட்டேன், எனக்கும் கொஞ்சம் தெரியும். ஓட்டம் நிற்காமல் போனால் கருகாது. பிளேடு சுழன்றுகொண்டே ஒரே இடத்தில் நின்றால்தான் அப்படிக் கருகும். அதுவும் ஒரு நொடி நின்றால் போதாது. முதல் பலகையில் நான் தடுமாறி நின்றபோதுகூட லேசாகப் பழுப்புதான் ஏறியது. இது கரி. பாதியில் நிறுத்தக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவன் நீ. உன் வேலையில் இத்தனை வருஷத்தில் ஒரு கருகலை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அதைத் தேய்த்து எடுத்தவன் நான்தான், மறந்திருக்க மாட்டேன்.

அன்றைக்கு நான்காவது பலகையில் எதற்காக நின்றாய்?

அத்தான்


மார்ச் 25

அத்தானுக்கு,

பிளேடு மழுங்கியிருந்தது. மழுங்கிய பிளேடு கருக்கும். வேறொன்றும் இல்லை.

அந்த இடத்தை இரண்டு நூல் உள்ளே தள்ளி மறுபடி ஓட்டினால் போய்விடும். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.


ஏப்ரல் 2

மச்சானுக்கு,

சாணைக்காரரிடம் கேட்டேன். அந்தப் பிளேடை உன் அக்கா போனதற்கு முதல் நாள்தான் சாணை பிடித்து வாங்கிப் போயிருக்கிறாய். "புதுசு மாதிரி இருக்குண்ணேன்னு சிரிச்சுக்கிட்டே போனான், அதான் எனக்கு ஞாபகம்" என்றார். மழுங்கிய பிளேடென்றால் ஐந்து, ஆறு, ஏழும் கருகியிருக்க வேண்டும். அவற்றில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

ஒரு பலகையைத் தூக்கிப் போட்டு, தண்டவாளம் வைத்து, அளந்து, ஓட்டி, இறக்கி வைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. உனக்கு எட்டு நிமிஷம் ஆகும். நான்காவதுக்குப் பிறகு மூன்று பலகை. கணக்கு எனக்கும் வரும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது நீயும் என் பக்கத்தில்தான் நின்றாய். "அரை மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார். அதற்கு நீ, "மெஷின் ஓடிக்கிட்டிருந்தது, ஒண்ணும் கேக்கல" என்றாய். நான் நம்பினேன். இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் யாரிடமும் போய்ச் சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். கல்லுளிமங்கன் மாதிரி இருந்துவிடாதே. எழுது.


ஏப்ரல் 21

அத்தானுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இதையும் படித்துப் பார்த்தால் அனுப்ப மாட்டேன், அதனால் படிக்காமல் ஒட்டி அனுப்புகிறேன்.

அன்று காலையிலிருந்தே அக்கா தட்டிக்கொண்டிருந்தாள். முதல் பலகை முடிந்து எண்ணும்போது தட்டினாள். போனேன். ஒரு பாட்டில் மூடி திறக்க வரவில்லையாம். திறந்து கொடுத்தேன். "தலை வலிக்குதுடா, கைல பலமே இல்ல" என்றாள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது முடிந்ததும் மறுபடி தட்டினாள். போனால், திரைக்கம்பி நேராக இருக்கிறதா பார் என்றாள், அவளுக்குக் கோணலாகத் தெரிகிறதாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாயந்திரத்துக்குள் பதினோரு பலகை கொடுக்க வேண்டும். "கம்பி நேராத்தான் இருக்கு, உன் கண்ணுதான் கோணல்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். அவள் கண்ணுக்குக் கோணலாகத்தான் தெரிந்திருக்கிறது, அத்தான். அது மூளையில் ரத்தம் கசிவதற்கான அறிகுறி என்று பிறகு டாக்டர் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

நான்காவது பலகை பாதி போகும்போது தண்டவாளத்தின் மேல் தூள் உதிர்ந்தது. காது மூடியிருந்தது, சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பார்த்தேன். மூன்று தடவை உதிர்ந்தது. என் கை தானாக நின்றுவிட்டது. பிளேடு சுழன்றுகொண்டே இருந்தது. நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். புகை வாசனை வந்த பிறகுதான் குனிந்தேன். மரத்தைக் கெடுத்துவிட்டோமே என்று இன்னும் ஆத்திரம் வந்தது. 'இருக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளினேன்.

அதுவரை செய்ததைக்கூட நான் மன்னித்துக்கொள்வேன். பாதியில் நிறுத்தினால் மரம் பிளேடைக் கவ்வும், தூக்கி எறியும். முடித்துவிட்டுப் போகலாம் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் முடித்துவிட்டு இரண்டு மெஷினையும் நிறுத்தினேன். காதிலிருந்ததைக் கழற்றினேன். எண்ணினேன். ஆறு எண்ணும்போது ஒரே ஒரு தட்டு கேட்டது. மிக மெதுவாக. அக்காவுக்கு அவசரமென்றால் வீடே அதிரத் தட்டுவாள். மெதுவாகத் தட்டுகிறாள் என்றால் அவசரமில்லை என்று நினைத்தேன். அவளுக்குக் கையில் பலம் இல்லை என்று அவளே காலையில் சொல்லியிருந்தாள்.

பத்து முடிந்தது. நான் போகவில்லை. ஐந்து, ஆறு, ஏழு அறுத்தேன். அந்த மூன்றுக்கும் இடையில் மெஷினை நிறுத்தவில்லை, காதிலிருந்ததையும் கழற்றவில்லை. மேலேயும் பார்க்கவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். திரும்பத் திரும்பத் தட்டட்டும், நான் வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். ஏழாவது முடிந்ததும் பசித்தது. அதனால்தான் மாடிக்குப் போனேன். அவள் கூப்பிட்டாள் என்பதற்காகப் போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். கொட்டாப்புளி கைக்குள் இருந்தது. விரலைப் பிரித்து எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உங்களைக் கூப்பிட ஓடிவந்தேன். அவள் கையில் அதை நீங்கள் பார்க்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் என் தோளில் கைபோட்டீர்கள். "நீ என்னடா பண்ணுவ, மெஷின் ஓடும்போது யாருக்குத்தான் கேக்கும்" என்றீர்கள். உங்கள் சட்டையில் வார்னிஷ் வாசனை அடித்தது. நீங்கள் என்னை அடித்திருந்தால்கூட அங்கேயே இருந்திருப்பேன். ஆறுதல் சொன்னீர்கள், அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வேளைச் சோறுகூட எனக்கு இறங்கவில்லை.

இங்கே நான் ரம்பத்தைத் தொடுவதில்லை. படகுக்குச் சந்து அடைக்கிறேன், தேய்க்கிறேன். சுற்றிலும் எல்லா மெஷினும் ஓடும். நான் காதை மூடுவதில்லை. மேஸ்திரி திட்டித் திட்டிக் களைத்துவிட்டார். யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று மட்டும்தான் எனக்கு இருக்கிறது. இடது காது போன மழைக்காலத்தில் போய்விட்டது.

உங்களுக்குக் கேட்கிற தட்டு எனக்கு இங்கே ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டியவன் நான். நீங்கள் மூன்று தடவை தூள் என்று எழுதியதைப் படித்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்தத் தூளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை, அத்தான்.


மே 20

அத்தானுக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். தபால்காரர் இந்தத் தெருவுக்குள் நுழைந்தால் நான் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

மகளுக்குத் தெரியுமா?


மே 30

மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் பாலீஷ் அறையில் காற்றாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அன்றும் நான் அங்கேதான் இருந்தேன் என்பது படித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நாலு நாள் அறைக்கதவைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் உன்னை அடிப்பதற்காகவே ரயில் ஏறினேன். வழியெல்லாம் எங்கே அடிப்பது, எதனால் அடிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிட்டேன். உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. அடித்தால் உனக்கு நிம்மதியாகிவிடும், அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். பேனா அந்த இடத்துக்கு வரவே மறுக்கிறது. ஒரு பாட்டில் மூடி, ஒரு திரைக்கம்பி. இதற்கெல்லாம் கோபப்படுகிறவனாக நான் உன்னை வளர்க்கவில்லை, அவளும் வளர்க்கவில்லை. கல்யாணமாகி வந்தபோது உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்.

மகளுக்குத் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். அதை நீதான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கடிதத்தில் இல்லை.

பலகையெல்லாம் அறுத்து முடித்துவிட்டேன். உன் ஏழு பலகையின் எதிர் ஓரத்தையும் நானே எடுத்து, தலைப்புகளையும் மூலைமட்டம் வைத்துத் தள்ளிவிட்டேன். கருகலை எடுக்கச் சொன்னாய், எடுக்கவில்லை. ஒட்டிச் சேர்த்துப் பாலீஷ் போட்டு மேசை மாடிக்குப் போய்விட்டது. பட்டறையில் இப்போது அறுக்க ஒன்றும் இல்லை, ரம்பம் பெட்டிக்குள் இருக்கிறது.

உண்மை தெரிந்துவிட்டால் தட்டுவது நின்றுவிடும் என்று நினைத்தேன். அப்படித்தானே எல்லாரும் நினைப்பார்கள். நிற்கவில்லை. முன்னே பத்து எண்ணும்போது மட்டும் கேட்டது. இப்போது மெஷினே ஓடாததால், பகலில் எப்போது வேண்டுமானாலும் கேட்கிறது. தட்டினால் போய்விடுகிறேன். கையில் பாலீஷ் துணியோடு ஓடுகிறேன், முகம் கழுவிக்கொண்டிருந்தால் சோப்போடு ஓடுகிறேன். படியேறிப் படியேறி முட்டி தேய்ந்துவிட்டது. போய் நின்றால் அடுப்படி சும்மா இருக்கிறது. நேற்று முதல் தடவையாக வாய்விட்டே கேட்டேன். "என்ன வேணும் சொல்லு, வந்துட்டேன்ல" என்றேன். ஒன்றும் இல்லை. நான் கீழே இறங்கி வந்து உட்காருவதற்குள் மறுபடி மூன்று.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் கூப்பிடத் தரையில் தட்டியதே இல்லை. எனக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். நான் வேண்டுமென்றால் படியிறங்கி வந்து காற்றாடியை நிறுத்துவாள். தட்டுவதெல்லாம் உனக்குத்தான். மூணு மாசமாக உன் வேலையை நான் செய்துகொண்டிருக்கிறேன், அவளும் வந்தது நீ இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

வா. ஒரு காதாவது மிச்சம் இருக்கும்போதே வந்து சேர். உன்னோடு நான் பேச மாட்டேன், சாப்பாடு போடுவேன். பட்டறையில் உன் பழைய இடத்தில் உட்கார்ந்திரு. தட்டினால், கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு மாடிக்குப் போ. நான் கீழேயே இருந்துகொள்கிறேன்.

அத்தான்